விதை வைத்த கை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஜெர்மனியின் வடக்கே ஒரு சிறு நகரத்தில், சுண்டெலிகளின் மூளையைப் படிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்த வாரத்தோடு மூன்று ஆண்டுகள். என் வேலை ஒப்பந்தமும் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியும் அந்த மூன்று ஆண்டுக்கு மட்டும் கொடுக்கப்பட்டவை.

2. அவை முடிய ஏழு வாரம் இருந்தபோது பத்து நாள் விடுப்பில் மதுரைக்கு வந்தேன். திருநகரில் அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்.

3. பால்காய்ச்சு அன்று காலை பேராசிரியையிடமிருந்து மின்னஞ்சல். என் அளவைகளை வைத்து அடுத்த மூன்றாண்டு ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அது கிடைத்தால் என் வேலையும் நீளும். முடிவு அட்டவணையை ஒருமுறை சரிபார்த்து, வெள்ளிக்கிழமை அங்கே நண்பகல் ஆவதற்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். மதுரையில் அது மாலை மூன்றரை.

4. செவ்வாயும் புதன் காலையும் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

5. புதன் மதியம் அண்ணன் மனைவி, என் மதினி, வந்து திரையைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்.

6. வியாழன் மாலைக்குள் எதுவும் சரியாக இல்லை.

7. இதற்கு மேல் எழுதத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் உசிலம்பட்டியிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் விசாரிக்கிற சொந்தக்காரர்களிடம் "எலி மாத்திக் கைய நீட்டிருச்சாம்" என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எலி மேல் தப்பில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

சுண்டெலிக்கும் கைப்பழக்கம் உண்டு. முன்னங்கால் என்று சொல்வதுதான் சரி. மூன்று ஆண்டு உற்றுப் பார்த்த பிறகு எனக்கு அது கைதான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு குறுகிய பெட்டி. முன் சுவரில், இரண்டு பக்கச் சுவருக்கும் சரி நடுவில், ஒரு சிறு குழாய். குழாய்க்குள் தினை. லேசான பசியோடு இருக்கிற எலியைப் பெட்டிக்குள் விடுவேன். குழாய்க்குள் அதன் வாய் நுழையாது. ஒரு கையை நீட்டித்தான் தினையை எடுக்க முடியும். ஐம்பது தடவை நீட்டும்வரை எந்தக் கை என்று குறிப்பேன். தினை தீரத் தீர நிரப்புவேன்.

ஒரு எலிக்குப் பெரும்பாலும் ஒரு கை பிடித்துப் போயிருக்கும். ஆனால் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் வலது கைக்காரர்களும் இடது கைக்காரர்களும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி இருக்கும். மனிதர்களைப் போலக் கூட்டமே ஒரு பக்கம் சாயாது. இது இந்தத் துறையில் பழைய செய்தி.

வலது கையை மூளையின் இடது பாதி ஆட்டுகிறது, இடது கையை வலது பாதி. இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு நரம்புக் கட்டு பாலம் போலக் கிடக்கிறது. சில எலிகளுக்கு அது பருமன், சிலவற்றுக்கு மெலிவு. கைப்பழக்கத்துக்கும் அந்தக் கட்டின் பருமனுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. கையை எண்ணுவேன், பிறகு ஸ்கேன் படத்தில் கட்டை அளப்பேன்.

என் நாற்பது எலிகளில் முப்பத்து மூன்று வலது கைக்காரர்கள். ஏழு மட்டும் இடது. வலது கைக்காரர்களுக்குக் கட்டு பருமனாகவும் அந்த ஏழுக்கு மெலிவாகவும் இருந்தது. வரைபடத்தில் கோடு அழகாகச் சாய்ந்தது. பழைய செய்தியோடு ஒத்துப்போகாத கூட்டம் என்பதால்தான் பேராசிரியைக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் சாதாரணமாக ஆச்சரியக்குறி போடுகிறவர் அல்ல. அந்த மின்னஞ்சலில் இரண்டு போட்டிருந்தார்.

8. இங்கே ஜெர்மனியில் என் பெயர் ஒச்சப்பன். அது அப்பாவின் பெயர். பேச்சியம்மாள் என்ற என் பெயரை முன்பெயர் ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் முறை வந்ததும் "ஒச்சப்பன் அம்மா" என்று கூப்பிடுவார்கள். ஐந்து வருடத்துக்கு முன் இறந்துபோன அப்பாவைப் புடவை கட்டி வரச் சொன்னது போல இருக்கும். எழுந்து போவேன்.

முதல் தடவை அங்கே போனபோது, எலிகளோடு வேலை செய்கிறேன் என்பதற்குப் பதிலாக எலிகளோடு வசிக்கிறேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி சிரிக்கவில்லை. வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். அதைத் திருத்த இரண்டு கடிதம் எழுதவேண்டி வந்தது.

இந்த ஊருக்கு வந்து நான் பழகியவற்றின் பட்டியல் ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. குளிருக்கு எத்தனை அடுக்கு உடுப்பு. குப்பையை எத்தனை வகையாகப் பிரிப்பது. அதில் ஒன்பதாவது: "இடது கை. யாரும் எதுவும் நினைப்பதில்லை." ரொட்டிக் கடைக்காரம்மா இடது கையால் ரொட்டியை நீட்டுவார். முதல் ஆண்டு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. இரண்டாம் ஆண்டில் இல்லை. ஒன்பதுக்கு நேரே, முடிந்தது என்று குறி போட்டிருந்தேன்.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்க் குடும்பத்தில் ஐந்து வயதுப் பெண் இட்லியை இடது கையால் பிய்த்துச் சாப்பிடுவாள். அம்மா தமிழில் அதட்டுவார். பிள்ளை ஜெர்மனில் ஏன் என்று கேட்கும். அம்மா பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, நான் அவரைவிட முன்னேறிவிட்டவள் என்று நினைத்துக்கொள்வேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

9. பால்காய்ச்சுக்கு எண்பது பேர் வந்திருந்தார்கள். அண்ணனுக்கு உசிலம்பட்டியில் கால்நடை மருந்துக் கடை. கடைக்கு வருகிற ஆட்டுக்காரர்கள் மாட்டுக்காரர்கள் என்று பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். காலை டிபன் மொட்டை மாடியில், பந்தல் போட்டு. பேராசிரியையின் மின்னஞ்சலைப் படித்துவிட்டு அண்ணனிடம் வாய்விட்டது என் தப்பு.

"மாப்ள, கேட்டியா? நம்ம பேச்சி வளக்குற எலி பூராம் சோத்தாங்கைக்காரப் பயலுக!" என்று பந்தியில் இருந்த கூட்டாளியிடம் கத்தினார்.

"ஜெர்மன்கார எலியா இருந்தாலும் வளத்தது உசிலம்பட்டிக்காரில்ல? மருவாதி தெரியாம வளருமா?"

"எங் கடைக்கு எலி மருந்து கேட்டுத்தாண்டா வாராய்ங்க. இவ என்னடான்னா அதுக்குத் தினை ஊட்டுறா. ஒரே குடும்பத்துல ரெண்டு யாவாரம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மதினி திருநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். இடது கைக்காரர். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையில். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் மாற்றிவிட்டார்கள். ஊசி மட்டும் இடது கையில், அதை யாராலும் மாற்ற முடியவில்லை. அவசரம் வந்தாலும் இடது கைதான் முந்தும். அன்று கேசரி வாளியோடு பந்திக்கு வந்தவர் மூன்றாவது இலையில் கரண்டியை இடது கைக்கு மாற்றியிருந்தார். அவருக்கே தெரியவில்லை.

வாடிப்பட்டிச் சின்னம்மா இலையை மெல்ல இழுத்துக்கொண்டார். "ஏத்தா, எந்தக் கையில வைக்கிற?"

நான்தான் பக்கத்தில் நின்றேன். "குடுங்க மதினி, நான் வைக்கிறேன். நீங்க தண்ணியப் பாருங்க" என்று கரண்டியை வாங்கினேன். நல்ல விதமாகத்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டு. மதினி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டார். தன் வீட்டுப் பால்காய்ச்சில் கடைசிப் பந்தி வரை தண்ணீர் ஊற்றினார்.

10. புதன் மதியம் ஒன்றரைக்கு மதினி சாப்பிட வந்தார். நான் எலிகள் கை நீட்டுவதை எடுத்த வீடியோப் பதிவுகளை ஓட்டிக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இதான் ஒன் எலியா? என்னத்தா, பஸ்ஸுல கை நீட்டி டிக்கெட் கேக்குற மாதிரில்ல கேக்குது."

"தினை எடுக்குது மதினி."

"இந்தா வருதே, இது யாரு கை?"

"என் கைதான். தீர்ந்துபோச்சுன்னா நிரப்பணும்ல."

"ஏன் இப்பிடிச் சுத்தி வருது?"

எனக்குப் புரியவில்லை. மதினி விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பெட்டிக்கு வலப்பக்கம் கேமரா நிற்கிற இரும்புக் கம்பி இருக்கிறது. என் கை அந்தக் கம்பிக்கு மேலே ஏறி, அதைத் தாண்டி, சாய்வாக இறங்கி, குழாயில் தினையை வைக்கிறது. கம்பியில்லாத இடப்பக்கம் முழுக்கக் காலி.

"இங்கிட்டு சும்மாத்தான கெடக்கு? இந்தக் கையால வச்சா பொசுக்குன்னு வச்சிட்டுப் போயிரலாம். எதுக்கு மலையேறி எறங்குற?"

"அந்தக் கையால எப்பிடி மதினி…" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

மதினி சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு. "ஆத்தாடி! எலிக்கும் சோத்தாங்கையாலதான் பரிமாறுவியா? எலையப் போட்டுத் தண்ணி தெளிச்சியா? அதுல எந்த எலி மொதப் பந்தி?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பேச்சி, திருப்பிப் போடு. அந்தக் குழாய் நகருது."

"நகராது மதினி. களிமண்ணு வச்சு ஒட்டிருக்கு."

"நகருதுங்கிறேன். நரம்பு ஊசிக்கு நழுவுற மாதிரி நகருது. ஊசி இங்கிட்டு இருந்து வந்தா நரம்பு அங்கிட்டு ஒதுங்கும். ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குக் குத்துறேன், எனக்குத் தெரியாதா? ஒன் கை இங்கிட்டு இருந்து வருது. குழாய் அங்கிட்டு ஒதுங்குது."

திருப்பிப் போட்டேன். மூன்றாம் தடவை எனக்கும் தெரிந்தது. ஒரு தடவைக்கு ஒரு தினை மணி அகலம்கூட இல்லை. என் கை வலப்பக்கமிருந்து அழுத்தும்போது குழாய் எனக்கு இடப்பக்கமாக நகர்ந்தது. எலி எனக்கு எதிரே, என் முகத்தைப் பார்த்து நிற்கிறது. எனக்கு இடப்பக்கம் என்பது எலிக்கு வலப்பக்கம்.

குழாயை எலிக்கு வலப்பக்கச் சுவரோரம் தள்ளி வைத்தால் பெரும்பாலான எலிகள் வலது கையைத்தான் நீட்டும், அந்தக் கைக்குத்தான் அது வசதி. இதுவும் இந்தத் துறையின் பழைய செய்தி. முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மதினி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நா தெரியாத்தனமாக் கேட்டுட்டேனா?" என்றார். இல்லை என்றேன்.

11. ஒரு எலிக்கும் அடுத்த எலிக்கும் நடுவில் குழாயைப் பிய்த்துக் கழுவி, மறுபடி நடுவில் ஒட்டுவேன். அதனால் நான் பார்க்கிறபோதெல்லாம் குழாய் நடுவில்தான் இருந்தது. நகர்ந்ததற்கான அடையாளத்தை நானே நாற்பது தடவை கழுவிவிட்டிருக்கிறேன்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு எதுவும் அனுப்ப முடியாது, சந்தேகத்தை வைத்துக்கொண்டு எதையும் தூக்கிப் போடவும் முடியாது. அளக்க வேண்டும். மதினி வீட்டில் வைத்திருந்த ரத்தக் குப்பிக்கு ஒட்டுகிற வெள்ளைச் சீட்டுகளை ஃபோனில் கேட்டு எடுத்து, ஒவ்வொரு எலிக்கும் ஒன்றாகத் திரையில் குழாயின் தொடக்க இடத்தில் ஒட்டினேன். ஐம்பதாவது தடவையில் குழாய் சீட்டை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பிளாஸ்டிக் ஸ்கேலால் அளந்தேன். நாற்பது எலி, நாற்பது சீட்டு. புதன் மதியம் தொடங்கி வியாழன் மதியம் தாண்டியது. வியாழன் காலை பதினொன்றுக்கு மின்சாரம் போய் ஒரு மணிக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் சார்ஜ் தீர்ந்து மூடிய மடிக்கணினிக்கு எதிரே உட்கார்ந்து, ஒருவேளை பாதி எலிகளுக்கு நகராமல் இருந்தால் என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு எலிகளுக்கு நகர்ந்திருந்தது.

பிறகு ஒரே ஒரு சோதனை பாக்கி. ஒவ்வொரு எலிக்கும் முதல் பத்துத் தடவையை மட்டும் எடுத்தேன். அப்போது குழாய் இன்னும் நடுவில் இருந்தது. கடைசிப் பத்தை மட்டும் தனியாக எடுத்தேன்.

முதல் பத்தில்: பத்தொன்பது வலது, இருபத்தொன்று இடது.

கடைசிப் பத்தில்: முப்பத்து மூன்று வலது, ஏழு இடது.

பதினான்கு எலிகளை நான் மாற்றியிருக்கிறேன். இடது கையில் தொடங்கியவை, என் கை ஒவ்வொரு தடவையும் குழாயைத் தள்ளத் தள்ள, பதினைந்தாவது இருபதாவது தடவையில் தயங்கி, இரண்டு கையையும் மாற்றி மாற்றி நீட்டி, பிறகு வலது கைக்குப் போயிருக்கின்றன. அந்தத் தயக்கம் பதிவில் தெளிவாக இருக்கிறது. முன்பும் பார்த்திருக்கிறேன். பசி குறைகிறது என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.

ஏழு எலிகள் மட்டும் மாறவேயில்லை. குழாய் எங்கே போனாலும் உடம்பை வளைத்து, கழுத்தைத் திருப்பி, கடைசிவரை இடது கையையே நீட்டின.

12. வியாழன் மாலை ஐந்தரைக்கு அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து வந்தார். வழக்கமாக ஏழாகும். மதினி ஃபோனில் சொல்லியிருக்கிறார். சட்டையைக்கூடக் கழற்றாமல் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னத்தா, எம்புட்டு மோசம்?"

சொன்னேன்.

"நீ பொய்யா எதுவும் எழுதுனியா?"

"இல்லண்ணே."

"எலி கைய நீட்டுச்சு. நீ எண்ணுன. அம்புட்டுத்தான? நீட்டாத கைய நீட்டுச்சுன்னு எழுதலயே."

"நீட்ட வச்சது நானுண்ணே."

"அது ஒனக்குத் தெரியும், ஒங்க மதினிக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"கேட்டா படத்தக் குடுக்கணும்."

"கேப்பாய்ங்களா?"

கேட்கமாட்டார்கள். நாற்பது எலியின் பதிவை யாரும் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள். என் பெயரை நம்பி அட்டவணையை மட்டும் பார்ப்பார்கள்.

"கேக்க மாட்டாய்ங்க" என்றேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார். "சொல்லிட்டன்னு வையி. வேல போகுமா?"

"போகலாம். ஏழு வாரத்துல விசாவும் முடியும்."

"இங்கிட்டு வந்து என்ன செய்வ? மூணு வருசமா எலி கைய எண்ணுனேன்னு சொன்னா யாரு வேல குடுப்பா? கடையில ஒக்காந்து எலி மருந்து விப்பியா?" குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, பயந்திருந்தார். அப்பா இறந்தபோதும் இதே குரலில்தான் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். மதினி பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற? நீதான பாத்த?"

மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னயக் கேக்காதீக. நா ஒரு கேள்வி கேட்டேன். மறுபடி எதாச்சும் கேட்டு வைக்கப் போறேன்."

"வெளாட்டு இல்லடி."

"நானும் வெளாடல." கீரைக் கட்டைத் திருப்பிப் போட்டார். என்னைப் பார்த்து, வேறு குரலில் கேட்டார். "அந்த ஏழு எலிக்கு என்னாச்சு, பேச்சி?"

"அதுக மாறல மதினி."

"கொன்னுருவாகளா?"

"இல்ல. உசிரோடதான் இருக்கு. ஸ்கேன் மட்டுந்தான் எடுத்திருக்கு."

"சரி" என்றார். அண்ணன் எழுந்து சட்டையைக் கழற்றப் போனார்.

13. வெள்ளி காலை மதினி உப்புமா கிண்டினார். எட்டு மணிக்கு அவருக்கு வேலை. வலது கையில் கடாயைப் பிடித்துக்கொண்டு இடது கையில் கரண்டியை எடுத்தார். எடுத்த பிறகு என்னைப் பார்த்தார். நான் தட்டை நீட்டினேன். வைத்தார்.

"அன்னைக்குக் கரண்டிய வாங்குனது தப்பு மதினி."

"கேசரிதான? வேல மிச்சம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு, "எண்பது பேருக்குத் தண்ணி ஊத்துனதுல தோளு வலி இன்னும் போகல" என்றார். அவர் நினைத்துக்கொண்டுதான் இருந்தார் என்று தெரிந்தது.

அவர் கிளம்பிய பிறகு எழுத உட்கார்ந்தேன். முதல் வடிவத்தில் களிமண் சரியாக ஒட்டவில்லை என்று எழுதினேன். உண்மை. இரண்டாவதில் கேமராக் கம்பி இடைஞ்சலாக இருந்தது என்று எழுதினேன். அதுவும் உண்மை. இரண்டையும் படித்தால் யாரோ ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் சேர்ந்து கெடுத்தது போல இருந்தது. அழித்தேன். மூன்றாவது இப்படி: "எங்கள் ஊரில் உணவை இடது கையால் கொடுக்கமாட்டோம். அதை விட்டுவிட்டேன் என்று நம்பினேன். எலிகளுக்குக் கொடுக்கும்போது விடவில்லை. ஒவ்வொரு தடவையும் வசதியான கையைத் தவிர்த்து வலது கையால் வைத்தேன். அதனால் குழாய் நகர்ந்தது. அளவை இணைத்திருக்கிறேன். தவறு என்னுடையது." இரண்டு அட்டவணையையும் சேர்த்து, காலை பத்தே காலுக்கு அனுப்பினேன். அங்கே ஆறே முக்கால்.

பன்னிரண்டு வரை ஒன்றும் வரவில்லை. ஒரு மணிக்கு, இரண்டுக்கு, ஒன்றும் இல்லை. அண்ணன் கடையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். "கூப்டாய்ங்களா?" என்பார், இல்லையென்றதும் வைத்துவிடுவார். பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்கும்.

இரண்டு நாற்பதுக்குப் பேராசிரியை அழைத்தார். வணக்கம் சொல்லவில்லை.

"பதிவில் இருப்பது முழுக்க உன் கைதானா? வேறு யாரும் வைக்கவில்லையா?"

"என் கை மட்டும்தான்."

பேனா எதையோ தட்டுகிற சத்தம். நான் எண்ணினேன். பதினொன்று.

"இந்தச் சுற்றுக்கு விண்ணப்பத்தை நிறுத்திவிடுகிறேன்" என்றார். "உன் கோடும் போய்விட்டது, பார்த்தாயா? முதல் பத்தை வைத்து வரைந்தால் சொல்லும்படியான சாய்வு இல்லை."

"பார்த்தேன்."

"அந்த ஏழின் ஸ்கேன் படங்களைத் தனியாக அனுப்பு. அவற்றுக்குக் கட்டு மெலிவு என்பது இன்னும் நிற்கிறது. வலதா இடதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். மாறுவதா மாறாமல் இருப்பதா என்பதற்குச் சம்பந்தம் இருக்கலாம். ஏழை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் இருந்து செய்ய வேண்டும்." நிறுத்தினார். "உன்னால் செய்ய முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. உன் ஒப்பந்தம் என் கையில் மட்டும் இல்லை."

வைத்துவிட்டார். மூன்று மணி. கெடுவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஸ்கேன் படங்களை அனுப்பிவிட்டு, திரையில் ஒட்டியிருந்த கடைசிச் சீட்டை உரித்தேன். பசை போகவில்லை. இன்றும் இருக்கிறது.

14. இன்றைய நிலவரம்:

விண்ணப்பம் போகவில்லை. அடுத்த சுற்று எப்போது என்று அறிவிக்கவில்லை.

ஒப்பந்தம் நான்கு மாதம் நீட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி அட்டைக்குப் பதிலாக மடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். "ஒச்சப்பன் அம்மா, இது தற்காலிகம்" என்றார் அந்த அதிகாரி. எலிகளோடு வேலை செய்கிறேன் என்று இந்த முறை சரியாகச் சொன்னேன்.

குழாயைத் திருகாணி போட்டு இறுக்கியாகிவிட்டது. நகராது.

பதினான்கு எலிகளும் ஏழு எலிகளும் தனித்தனிக் கூண்டில் இருக்கின்றன. புதுக் கூட்டத்தில் இதுவரை இருபத்திரண்டு முடிந்தன: பன்னிரண்டு இடது, பத்து வலது. இவற்றின் மூளையை இனிமேல்தான் படம் எடுக்க வேண்டும். என்ன வரும் என்று தெரியாது. அண்ணன் வாரம் ஒரு தடவை, "எலி எந்தக் கை?" என்று மட்டும் செய்தி அனுப்புகிறார். எண்ணிக்கையைப் பதிலாக அனுப்புகிறேன். மதினி எதுவும் கேட்பதில்லை.

கைப்பேசிப் பட்டியலில் ஒன்பதுக்கு நேரே இருந்த குறியை எடுத்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் புது விதி: இரட்டைப்படை நாளில் வலது கையால் தினை வைக்க வேண்டும், ஒற்றைப்படை நாளில் இடது கையால். குழாய் நகராது என்றாலும் விதி விதிதான். ஒற்றைப்படை நாட்களில் என் கை குழாய்க்குச் சற்று முன்னால் ஒரு நொடி நிற்கிறது. பதிவில் தெரிகிறது. அதையும் தனிப் பத்தியில் குறித்து வருகிறேன்.

இன்று ஒற்றைப்படை நாள். இரண்டு எலிகளுக்கு வைத்துவிட்டேன். மூன்றாவது காத்திருக்கிறது.